ஸ்கோப் ஜீரோவைப் பிடித்து வைக்குமா? சுடாமலே சோதிக்கும் முறை

ரைஃபிள் ஸ்கோப் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் செய்வது, அதைக் கண்ணில் வைத்துத் தெருக்கோடியில் தொங்கும் பெயர்ப்பலகையைப் படிப்பது. எழுத்து பளிச்சென்று தெரிந்தால் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். நான் ராணுவத்தில் கருவிகளையும் வாகனங்களையும் பராமரிக்கும் ஈ.எம்.இ. பிரிவில் ஆப்டிகல் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். வேலூர்ப் பக்கத்துக்காரன், இப்போது டெல்லி துவாரகாவில் குடியிருக்கிறேன். ஏர் ரைஃபிள் சுடும் நம் பிள்ளைகள் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். படம் மங்கல் என்று வருகிறவர் அபூர்வம். "அங்கிள், நேத்து வெச்ச ஜீரோ இன்னைக்கு இல்ல" என்பதுதான் வழக்கமான புகார். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்து வைப்பதுதான் ஜீரோ.

அதனால் தெளிவைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை. குறுக்குக்கோடு வைத்த இடத்தில் நிற்கிறதா, திருப்பிய அளவுக்கு நகர்கிறதா, திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்துக்கே வருகிறதா என்று ஒரு பெல்லட்கூட (ஏர் ரைஃபிள் குண்டு) சுடாமல் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். ஸ்கோப்புக்குப் பத்தாயிரம் கொடுத்தவருக்கும் ஒரு லட்சம் கொடுத்தவருக்கும் சோதனை ஒன்றுதான்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கோப்பின் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் உண்டு. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதில் இருக்கும். எரக்டர் குழாய் என்பார்கள். அது பின்முனையில் ஒரு மூட்டில் அசையும்படி நிற்கும். மேலேயும் பக்கத்திலும் உள்ள டரட்டை (குறியைச் சரிசெய்யும் குமிழ்) திருப்பினால், அதன் திருகு இந்தக் குழாயைத் தள்ளும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பட்டை ஸ்பிரிங் குழாயைத் திருகின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். மலிவான ஸ்கோப்பில் காசு மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இந்த ஸ்பிரிங்கிலும் அந்த மூட்டிலும்தான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், திருகு பின்வாங்கும்போது குழாய் கூடவே வராது. அடுத்த அதிர்ச்சியில்தான் வரும். டரட் ஒவ்வொரு படி நகரும்போதும் கேட்கும் க்ளிக்கை எண்ணி நீங்கள் திருப்பியிருப்பீர்கள். குறி நகர்வதோ அடுத்த குண்டுக்குப் பிறகு.

சுட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரியும். எது என்று தெரியாது. குண்டு இடம் மாறி விழுந்தால் அதற்கு ரைஃபிள், பெல்லட், காற்று, ஸ்கோப்பை ரைஃபிளில் பிடிக்கும் மவுன்ட், சுடுகிறவரின் மூச்சு எல்லாமே காரணமாக இருக்கலாம். 25 மீட்டரில் உங்கள் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழுந்த பரப்பு) 15 மி.மீ. அகலம் என்றால், 3 மி.மீ. விலகல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஸ்கோப்பைக் கழற்றிக் கனமான இரும்பில் பூட்டிவிட்டால் அதே 3 மி.மீ. அப்பட்டமாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. டெல்லியில் மொட்டைமாடியில் நின்று, ஸ்கோப் பூட்டிய ரைஃபிளை எந்தப் பக்கம் நீட்டினாலும் அக்கம்பக்கத்தார் பயந்துபோவார்கள், பயப்படுவது நியாயம். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அதை எங்கும் நீட்டலாம் என்று ஆகிவிடாது. சோதனை நடக்கும் இடத்துக்கு ரைஃபிளே வர வேண்டாம்.

தேவையான சாமான்கள்

மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் ஐ-பீம் (I வடிவ இரும்பு உத்தரம்) துண்டு கிடைக்கும். 40 செ.மீ. நீளம், கையால் தள்ளினால் எளிதில் நகராத கனம் இருந்தால் போதும். லேத் பட்டறையில் கொடுத்து அதன் மேல் இரண்டு பிக்காட்டினி ரெயில்களை (ஸ்கோப் பூட்டும் பள்ளம் வெட்டிய பட்டைகள்) அக்கம்பக்கமாகத் துளையிட்டு, மரை போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். இரண்டு எதற்கு? ஒன்று சோதிக்கப்படும் ஸ்கோப்புக்கு. இன்னொன்று சாட்சி ஸ்கோப்புக்கு.

இந்தச் சாட்சிதான் முக்கியம். இரும்பைத் தட்டினால் இரும்பே கொஞ்சம் நகரும், தரை அதிரும், சுவரில் ஒட்டிய தாள் சுருங்கும். குறுக்குக்கோடு விலகியதும் அது ஸ்கோப்பின் தவறு என்று முடிவுகட்ட முடியாது. பக்கத்திலேயே இன்னொரு ஸ்கோப் அதே தாளைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். இரண்டும் ஒரே அளவு விலகினால் நகர்ந்தது இரும்பு. ஒன்று மட்டும் விலகினால் குற்றவாளி அதுதான். ஜூம் இல்லாத, 4 மடங்கு நிலையான உருப்பெருக்கம் உள்ள சாதாரண ஸ்கோப்பே சாட்சிக்கு நல்லது. அசையும் பாகம் குறைவு. ஒரு முறை வைத்தபின் அதன் டரட்டைத் தொடாதீர்கள். சாட்சி மேலேயே சந்தேகம் வந்தால் மூன்றாவது ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள். எந்த இரண்டு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும்.

மற்றபடி வேண்டியவை: கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, ரசமட்டம், ஸ்டீல் ஸ்கேல், 30 மீட்டர் டேப், ரப்பர் சுத்தியல், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர், மொபைலைப் பிடித்து நிறுத்த ஒரு கிளாம்ப். டார்க் ஸ்க்ரூடிரைவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்கோப்பின் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ரிங்கின் மேல்மூடித் திருகுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் ரிங்கோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. கை அழுத்தத்தை நம்பி இறுக்கினால் குழாய் நசுங்கும், இல்லையென்றால் நழுவும். நசுங்கிய குழாய்க்குள் எரக்டர் எப்படிச் சரியாக நகரும்?

ரிங், ரெயில், குழாய் மூன்றையும் தின்னர் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். மேல்மூடியின் இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். ரிங்கும் குழாயும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு. பிறகு அந்தக் கோடு முறிந்திருந்தால் ஸ்கோப் ரிங்குக்குள் நழுவியிருக்கிறது. "ஸ்கோப் போயிடுச்சு" என்று என்னிடம் வருபவற்றில் பலவற்றுக்கு இந்த இடத்திலேயே வைத்தியம் முடிந்துவிடுகிறது.

தாளும் தூரமும்

எங்கள் சொசைட்டியின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நேர்கோட்டில் 25 மீட்டர் கிடைக்கிறது. காற்றில்லை, கானல் இல்லை. டெல்லி மே மாத வெயிலில் திறந்தவெளியில் பிம்பம் நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தூரத்தைக் காலடியால் அளக்க வேண்டாம். 25 செ.மீ. தவறினால் அளவில் ஒரு சதவீதம் தவறிவிடும். ஸ்கோப்பின் முன் லென்ஸிலிருந்து சுவர்வரை டேப் பிடியுங்கள்.

சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதன் நூலை ஒட்டிச் செங்குத்துக் கோடு போடுங்கள். மில்ரேடியன் (சுருக்கமாக மில்; தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வைக் குறிக்கும் கோண அளவு) டரட் என்றால் 25 மீட்டரில் 1 மில் 25 மி.மீ.; 0.1 மில் க்ளிக் ஒன்றுக்கு 2.5 மி.மீ. எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) டரட் என்றால் 1 எம்.ஓ.ஏ. 7.27 மி.மீ.; கால் எம்.ஓ.ஏ. க்ளிக் ஒன்றுக்கு 1.8 மி.மீ. 100 கஜத்தில் 1 எம்.ஓ.ஏ. என்பது 1 அங்குலம் என்று வாய்வழியாகச் சொல்வார்கள். உண்மையில் 1.047 அங்குலம். சில கம்பெனிகள் அங்குலக் கணக்கிலேயே டரட் செய்கின்றன. அது தெரியாமல் அளந்தால் சுமார் 4.5 சதவீதம் குறைபாடு இருப்பதாகத் தோன்றும். கணினியில் வரைந்து பிரிண்ட் எடுப்பவர்கள், வந்த தாளை ஸ்டீல் ஸ்கேலால் அளந்துவிட்டு ஒட்டுங்கள். பல பிரிண்டர்கள் பக்கத்துக்குள் அடக்குவதற்காக அளவைச் சுருக்கிவிடும்.

கண்ணால் பார்த்து அளப்பதில் பாரலாக்ஸ் பிழை (கண் நகர்ந்தால் குறியும் நகர்ந்ததுபோலத் தோன்றுவது) நுழையும். 100 கஜத்துக்குப் பாரலாக்ஸ் வைக்கப்பட்ட, 40 மி.மீ. முன் லென்ஸ் உள்ள ஸ்கோப்பில் 25 மீட்டரில் கண்ணை ஓரத்துக்கு ஓரம் நகர்த்தினால், குறி மையத்திலிருந்து 14 மி.மீ. வரை தள்ளிப்போனதுபோலத் தெரியலாம். அதாவது ஐந்து க்ளிக்குக்கு மேல்! அதனால் பாரலாக்ஸ் வளையம் இருந்தால் 25 மீட்டருக்குத் திருப்புங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொபைலைக் கண் வைக்கும் தூரத்தில், ஐ-பீமோடு சேர்த்துக் கிளாம்பில் இறுக்கிவிடுங்கள். கேமரா அசையாது, ஒவ்வொரு படியிலும் படமும் சாட்சியாகக் கிடைக்கும்.

டரட் சோதனை

குறுக்குக்கோட்டைத் தாளின் அடிப்புள்ளியில் நிறுத்துங்கள். டரட்டை 2 மில், 4 மில் என்று 10 மில் வரை கொண்டுபோய், ஒவ்வொரு இடத்திலும் படம் எடுங்கள். அப்புறம் அதே படிகளில் திரும்பி வாருங்கள். டரட்டைத் திருப்பும் திசைக்கு எதிராகப் பார்வையில் குறுக்குக்கோடு நகரலாம்; அது இயல்பு. 10 மில்லுக்குத் தாளில் 250 மி.மீ. நகர வேண்டும். 245 நகர்ந்தால் 2 சதவீதக் குறைவு. எப்போதும் அதே 2 சதவீதம்தான் என்றால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு கணக்கில் சேர்த்துச் சுடலாம். அந்த ஸ்கோப்பை நான் ஒதுக்கமாட்டேன். ஒரு முறை 245, மறுமுறை 252 என்று வந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வழியே இல்லை. விலை எத்தனை என்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செங்குத்துக் கோட்டை விட்டுக் குறி சாய்ந்து ஏறினால் உடனே ஸ்கோப்பைக் குறை சொல்லாதீர்கள். ரிங்கில் ஸ்கோப் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கலாம். நிற்கும் கோடு தூக்குக்குண்டின் நூலோடு ஒன்றும்படி திருப்பிப் பூட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சாய்ந்தால் டரட்டுக்கும் குறுக்குக்கோட்டுக்கும் பொருத்தமில்லை. அது ஸ்கோப்பின் குறை.

இப்போது தளர்ந்த ஸ்பிரிங்கைப் பிடிக்கும் சோதனை. டரட்டை 3 மில் கீழே, அதாவது திருகு உள்ளே போகும் திசையில், கொண்டுபோய்த் திரும்ப ஜீரோவுக்கு வாருங்கள். படம் எடுங்கள். எதையும் திருப்பாமல், ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் டரட்டின் பக்கத்தில் குழாயை லேசாக நாலைந்து தட்டு தட்டுங்கள். மறுபடி படம். இரண்டு படத்திலும் குறுக்குக்கோடு ஒரே இடத்தில் இருந்தால் ஸ்பிரிங் திடமாக இருக்கிறது. தட்டிய பிறகு நகர்ந்திருந்தால், எரக்டர் திருகை விட்டு விலகி நின்றிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை டரட்டின் நடுப்பகுதியில் மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். ஸ்பிரிங் விரிந்து அழுத்தம் குறைந்திருக்கும் கோடிப் பக்கத்திலும் செய்யுங்கள். பலவீனம் அங்கேதான் முதலில் தலைகாட்டும். மேல் டரட், பக்க டரட் இரண்டுக்கும் தனித்தனியாக.

ஒரே க்ளிக் எண்ணுக்குக் கீழிருந்து ஏறி வருவதும் மேலிருந்து இறங்கி வருவதும் ஒரே புள்ளியில் முடிகிறதா என்றும் பாருங்கள். அரை க்ளிக்குக்குள் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் மரையில் ஆட்டம் இருக்கிறது.

பலரும் சொல்லும் பெட்டிச் சோதனையையும் இப்படியே சுடாமல் செய்யலாம்: 2 மில் மேலே, 2 மில் வலம், 2 மில் கீழே, 2 மில் இடம். புறப்பட்ட புள்ளிக்கே வர வேண்டும். ஆனால் அளவு தவறாக நகரும் ஸ்கோப்கூட இதில் ஒழுங்காகத் திரும்பி வந்து தேறிவிடும். அதனால் பெட்டிச் சோதனை ஒன்றை மட்டும் செய்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம்.

ஜூம் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். குறுக்குக்கோடு இரண்டாம் குவியத் தளத்தில் (ஜூம் லென்ஸுக்குப் பின்னால், கண் பக்கம்) இருக்கும் ஸ்கோப்களில்தான் இதில் குறி புள்ளியை விட்டு விலகும். பாரலாக்ஸ் வளையத்திலும் இதே பார்வை.

அதிர்ச்சி

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஸ்கோப்பைக் கொல்லும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். நெருப்புத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னே போகிறது. பிஸ்டன் போய் நின்றதும் ரைஃபிள் வெடுக்கென்று முன்னே வருகிறது. பின்னுதைப்பை மட்டும் மனதில் வைத்து ஒட்டப்பட்ட லென்ஸ்கள் இந்த முன்னிழுப்பில் கழன்றுவிடும். பெரிய துப்பாக்கிக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். மவுன்டிலும் அதை நகரவிடாமல் தடுக்கும் ஸ்டாப் பின் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரைஃபிளின் மேல் உள்ள 11 மி.மீ. டவ்டெயில் பள்ளத்தில் மவுன்ட் ஊர்ந்துகொண்டே போகும்.

வீட்டில் இதைச் சோதிக்க, ஐ-பீமின் பின்முனையில் ரப்பர் சுத்தியலால் குழாயின் நீளவாக்கில் பத்து அடி, முன்முனையில் பத்து அடி. ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. இரும்பு லேசாகத் துள்ளினால் போதும். பிறகு ஐ-பீமின் ஒரு முனையை 10 செ.மீ. தூக்கி ரப்பர் பாய் மேல் விடுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம் சாய்த்தும் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சாட்சி ஸ்கோப்போடு ஒப்பிட்டுப் படம். ஒரு க்ளிக்குக்கு மேல் விலகினால் தேறவில்லை. கடைசியாக ஸ்கோப்பைக் காதருகில் வைத்து மெல்லக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்றால் ஏதோ கழன்றுவிட்டது.

ராணுவத் தளவாடங்களுக்கு இந்த மாதிரிச் சோதனைகளை ஜே.எஸ்.எஸ். 55555 என்ற நம் நாட்டுத் தரமும், அமெரிக்காவின் மில்-ஸ்டாண்டர்ட் 810-உம் வகுத்திருக்கின்றன. ஆப்டிகல் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 9022 இருக்கிறது. விளம்பரத்தில் "மிலிட்டரி கிரேடு" என்று மட்டும் போட்டிருந்தால், எந்தத் தரம், எந்தச் சோதனை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

சூடு, குளிர், தண்ணீர்

டெல்லியில் இருப்பவருக்கு ஒரு வசதி. மே மாதம் 45 டிகிரி, ஜனவரி விடியற்காலை 4 டிகிரி. சூடும் குளிரும் தரும் சோதனை அறையை (சேம்பர்) வாடகைக்கு எடுக்காமலே 40 டிகிரி வித்தியாசம் வாசலுக்கு வந்துவிடுகிறது. அத்தனை மாதம் காத்திருக்க முடியாதவர்கள் ஸ்கோப்பை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் வைத்து எடுங்கள். ஜூலை மாதப் புழுக்கத்தில் எடுத்தால் வெளி லென்ஸ் உடனே பூத்துவிடும். அது குறையில்லை. துணியால் ஒற்றித் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்தும் போகாத புகை உள்ளே இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. நைட்ரஜன் நிரப்பியது என்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலும் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரமில்லாத வாயு உள்ளே போய் வெளியே வராமல் இருப்பதுதான் விஷயம், அதற்கு ரப்பர் வளையங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

வெயிலில் வைத்துச் சூடேற்றினால் இரண்டு மூடிகளையும் போட்டு வையுங்கள். முன் லென்ஸ் சூரியனை நேராகப் பார்த்தால் வெளிச்சம் உள்ளே குவிந்து பாகங்களைக் கருக்கிவிடும். சூரியன் பக்கம் ஸ்கோப் வழியாகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

தண்ணீர்ச் சோதனை, நீர்புகாது என்று எழுதியிருக்கும் ஸ்கோப்புக்கு மட்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். அத்தனை ஆழத்துக்கு டிரம் தேட வேண்டாம். ஏ.சி. அறையில் 20 டிகிரியில் இருந்த ஸ்கோப்பை 50 டிகிரி வெந்நீர் வாளியில் முழுக்கினால், உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தம் சுமார் 10 சதவீதம் ஏறும். 1 மீட்டர் தண்ணீர் வெளியிலிருந்து தரும் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இங்கே அழுத்தம் உள்ளிருந்து வெளியே போவதால், கசிந்தால் குமிழி வரும், தண்ணீர் உள்ளே போகாது. முதல் சில நொடி மூடிக்கடியில் தங்கிய காற்று வெளியேறும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே இடத்திலிருந்து குமிழி சரமாக வந்துகொண்டே இருந்தால் அங்கே கசிவு. உடனே வெளியே எடுங்கள். ஆற விட்டால் உள் அழுத்தம் குறைந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கண்பக்கத்து ஃபோகஸ் வளையம், டரட்டின் அடி, பேட்டரி மூடி இந்த மூன்று இடத்தையும் கவனியுங்கள்.

மே மாதத்து ஆந்திக்கு (புழுதிப் புயல்) பிறகு லென்ஸை நேரடியாகத் துடைக்காதீர்கள். புழுதியை ஊதி, மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, அப்புறம் துணி. டரட் மூடிக்குள்ளும் புழுதி சேரும். க்ளிக் மொரமொரத்தால் அதுதான்.

கடைசியில் ரேஞ்ச்

இவ்வளவும் தேறிய ஸ்கோப்பைத்தான் ரைஃபிளில் ஏற்ற வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு இடமில்லை. ஃபீல்ட் டார்கெட் (வெவ்வேறு தூரக் குறிகள்), பென்ச்ரெஸ்ட் (மேசைமேல் தாங்கிச் சுடுவது) சுடுகிறவர்களுக்குத்தான் இது. அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும் சுடுங்கள். பைமேல் ரைஃபிளைத் தாங்கி ஐந்து குண்டு. 20 க்ளிக் மேலே போய்த் திரும்பி வந்து அதே புள்ளிக்கு ஐந்து குண்டு. ரைஃபிளை உறையில் போட்டு, வண்டியில் வைத்து வீடுவரை போய் வந்து மறுநாள் ஐந்து குண்டு. மூன்று குரூப்பின் மையமும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விழவில்லை என்றால், ஸ்கோப் ஏற்கெனவே தேறிவிட்டதால், மவுன்ட், ஸ்டாக் (ரைஃபிளின் கட்டை) திருகு, பெல்லட் என்ற வரிசையில் தேடுங்கள்.

சீரியல் நம்பர், தேதி, அன்றைய வெப்பநிலை, 10 மில்லுக்கு நகர்ந்த அளவு, தட்டுச் சோதனையின் இரண்டு படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கடைக்காரரிடம் "சரியில்லை" என்று வாயால் சொன்னால் நீங்கள் சுடுவதில்தான் கோளாறு என்பார். தட்டுவதற்கு முன் ஒன்று, தட்டிய பின் ஒன்று என்று இரண்டு படத்தைக் காட்டினால் மாற்றிக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. வாரண்டி அட்டையைப் படித்துவிட்டு, வாங்கிய முதல் வாரத்திலேயே டரட் சோதனையையும் தட்டுச் சோதனையையும் முடித்துவிடுங்கள். வெந்நீர் வாளியை மட்டும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.